கிளாஸிலிருந்து ஸ்கீமா தானாக வருகிறது, சரி, அதை யார் படிக்கிறார்கள்?

ஜேசன் ஸ்கீமாவை, அதாவது இரண்டு புரோகிராம்கள் பரிமாறிக்கொள்ளும் டேட்டாவில் எந்த ஃபீல்டு எந்த வகையில் வர வேண்டும் என்று சொல்லும் விவரணையை, இப்போதெல்லாம் கையால் எழுதுகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். பைதானில் ஒரு கிளாஸ், அதில் நாலைந்து ஃபீல்டு, ஒவ்வொன்றுக்கும் அது ஸ்ட்ரிங்கா எண்ணா என்று சொல்லும் ஒரு டைப் ஹின்ட், அவ்வளவுதான். பைடான்டிக் என்கிற லைப்ரரி அதைப் பார்த்து ஸ்கீமாவைக் கொடுத்துவிடும். வெப் சர்வீஸ் கட்ட உதவும் ஃபாஸ்ட்ஏபிஐ அந்த ஸ்கீமாவை வைத்து ஒரு டாக்குமென்டேஷன் பக்கத்தையே கட்டிக் காட்டிவிடும். அந்தப் பக்கத்துக்குப் பின்னால் இருக்கும் ஃபைலை எடுத்து மொபைல் டீம் சர்வரோடு பேசத் தங்களுக்கு வேண்டிய கிளையன்ட் கோடை ஜெனரேட் செய்துகொள்ளும். சர்வரில் இருக்கும் கிளாஸிலிருந்து ஒருவருடைய ஃபோனில் ஓடும் ஆப் வரைக்கும், நடுவில் இருக்கிற ஸ்கீமாவை ஒரு மனிதர்கூடக் கண்ணால் பார்க்காமலே வேலை முடிந்துவிடுகிறது.

தானாக உருவாக்குவதில் எனக்குச் சண்டை இல்லை. கையால் எழுதிய ஸ்கீமா ஒரு பக்கம், கோடு ஒரு பக்கம் என்று ஆளுக்கொரு திசையில் போன காலத்தை நானும் பார்த்திருக்கிறேன், அது திரும்ப வேண்டாம். என் சண்டையெல்லாம் உருவானதைப் படிக்காமல் வெளியே அனுப்புவதோடுதான். ஏனென்றால் கிளாஸும் ஸ்கீமாவும் ஒன்று என்று நாம் நினைத்துக்கொள்கிறோம், ஒன்று இல்லை. சில இடத்தில் ஸ்கீமா கிளாஸைவிடக் குறைவாகச் சொல்லும், சில இடத்தில் கூடுதலாகச் சொல்லும், சில இடத்தில் வேறு எதையோ சொல்லும்.

முதலில் இது எப்படி நடக்கிறது என்று சுருக்கமாகப் பார்த்துவிடலாம். பைதான் 3.6, 2016 கடைசியில் வந்தது, அதில்தான் ஒரு வேரியபிளுக்குப் பக்கத்திலேயே அதன் டைப்பை எழுதும் வசதி வந்தது. பைதான் அந்த டைப்பைச் சரிபார்ப்பதில்லை, ஆனால் தூக்கிப் போடுவதும் இல்லை. கிளாஸுக்குள்ளேயே ஒரு டிக்ஷனரியில் பத்திரமாக வைத்துக்கொள்கிறது. புரோகிராம் ஓடிக்கொண்டிருக்கும்போதே யார் வேண்டுமானாலும் அதை எடுத்துப் பார்க்கலாம். 2017-ல் சாமுவேல் கொல்வின் வெளியிட்ட பைடான்டிக் இந்த ஒரு ஓட்டையைப் பிடித்துக்கொண்டுதான் வளர்ந்தது. டைப்ஸ்கிரிப்டில் இதே வித்தையை நேரடியாகச் செய்ய முடியாது, கம்பைல் ஆனவுடன் டைப் எல்லாம் காணாமல் போய்விடும். அதனால்தான் அங்கே சோட் மாதிரியான லைப்ரரிகள் தலைகீழாகப் போகின்றன: ஸ்கீமாவைக் கோடாக எழுது, அதிலிருந்து டைப்பை நான் எடுத்துத் தருகிறேன் என்கின்றன. யோசித்துப் பார்த்தால் அது ஒரு விதத்தில் நேர்மையான ஏற்பாடு, எழுதுகிறவருக்குத் தான் ஸ்கீமா எழுதுகிறோம் என்பதாவது தெரிந்திருக்கும்.

பைதானிலும் இந்த ஓட்டை ஒரு தடவை மூடப்பட இருந்தது. டைப் ஹின்டுகளை உடனே கணக்கிடாமல் வெறும் ஸ்ட்ரிங்காக வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு யோசனை, பெப் 563 (பெப் என்றால் பைதானில் மாற்றத்துக்கான முன்மொழிவு) என்று பெயர், பைதான் 3.10-ல் அதுவே இயல்பான நடத்தையாக ஆகவிருந்தது. அப்படி ஆகியிருந்தால் ஒரு ஃபங்ஷனுக்குள்ளே எழுதிய கிளாஸின் டைப் என்ன என்று கண்டுபிடிக்க பைடான்டிக் திண்டாட வேண்டியிருக்கும், ஸ்ட்ரிங்கில் இருக்கும் பெயரை எங்கே போய்த் தேடுவது? பைடான்டிக், ஃபாஸ்ட்ஏபிஐ பக்கத்திலிருந்து பலமான குரல் எழுந்தது. 2021 ஏப்ரலில், முதல் பீட்டா வெளியீட்டுக்கு வெகு அருகில், பைதான் வழிநடத்தும் குழு அதைத் தள்ளி வைத்தது. கடைசியில் லாரி ஹேஸ்டிங்ஸ் முன்வைத்த வேறொரு வழி, கேட்கும்போது மட்டும் கணக்கிடுவது, பெப் 649 ஆக 2025-ல் பைதான் 3.14-ல் வந்து சேர்ந்தது. டைப் ஹின்ட் என்பது கோடை ஓட்டாமலே சோதிக்கும் லின்டர்களுக்காக மட்டும் எழுதுவது என்று நினைத்தவர்கள் ஒரு பக்கம், அதன் மேல் ஓடுகிற சிஸ்டத்தையே கட்டிவிட்டவர்கள் இன்னொரு பக்கம். கட்டியவர்கள் ஜெயித்தார்கள் என்றுதான் சொல்ல வேண்டும்.

அதற்காக இது பைதான்காரர்கள் கண்டுபிடித்தது என்று நினைத்துவிட வேண்டாம். டாட்நெட்டில் எக்ஸ்எஸ்டி என்றே ஒரு டூல் இருந்தது, கம்பைல் செய்த கிளாஸைக் கொடுத்தால் எக்ஸ்எம்எல் ஸ்கீமா தரும். ஜாவா 6-லேயே அதே வேலைக்கு ஸ்கீமாஜென் இருந்தது. சோப் (எக்ஸ்எம்எல்லில் பேசும் பழைய முறை) வெப் சர்வீஸ் காலத்தில் வேலை பார்த்தவர்களைக் கேட்டுப் பாருங்கள், ஒப்பந்தத்தை முதலில் எழுதுவதா கோடை முதலில் எழுதுவதா என்று அப்போதே மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார்கள்.

சரி, ஸ்கீமா எங்கெல்லாம் வழி மாறுகிறது என்று பார்க்கலாம். ஒரு கூரியர் புக்கிங் கிளாஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். அனுப்புகிறவர் பெயர், ஃபோன் நம்பர், பின்கோடு, தொகை, எடுக்க வேண்டிய தேதி, கொடுக்க வேண்டிய தேதி. பின்கோடை இன்டிஜர் என்று எழுதியிருக்கிறோம், இந்தியாவில் எந்தப் பின்கோடும் பூஜ்யத்தில் ஆரம்பிப்பதில்லை, அதனால் தப்பித்தோம். கொடுக்கும் தேதி எடுக்கும் தேதிக்கு முன்னால் இருக்கக் கூடாது என்று சரிபார்க்க ஒரு வேலிடேட்டர் ஃபங்ஷன்.

இந்த வேலிடேட்டர் ஸ்கீமாவில் வராது. வரவும் முடியாது, அது பைதான் கோடு, ஜேசன் ஸ்கீமாவில் இரண்டு ஃபீல்டுகளை ஒப்பிட்டு எது பெரிது என்று சொல்ல வழியே கிடையாது. ஆக ஸ்கீமாவை மட்டும் பார்த்து ஃபார்ம் கட்டுகிறவருக்கு இந்த விதி தெரியாது, சர்வர் 422 என்ற பிழை எண்ணோடு திருப்பி அனுப்பும்போதுதான் தெரியும். கிளாஸில் இருக்கிற விதிகளில் உருவம் சம்பந்தப்பட்டவை ஸ்கீமாவுக்குப் போகின்றன, அர்த்தம் சம்பந்தப்பட்டவை பெரும்பாலும் பின்தங்கிவிடுகின்றன. பிசினஸ் விதி என்று நாம் சொல்வதெல்லாம் இரண்டாவது வகை.

தேதி இன்னொரு கதை. ஸ்கீமாவில் அது ஸ்ட்ரிங், ஃபார்மட் தேதி என்று வரும். படிக்கிறவர் சரி, தேதி அல்லாத ஸ்ட்ரிங் வந்தால் வேலிடேட்டர் தடுத்துவிடும் என்று நினைப்பார். ஜேசன் ஸ்கீமாவின் 2020-12 பதிப்பில் ஃபார்மட் என்பது இயல்பாக ஒரு குறிப்பு மட்டும்தான், தடுக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. சில லைப்ரரி தடுக்கும், சிலது தனியாகச் சொன்னால்தான் தடுக்கும்.

இது குறைவாகச் சொல்வது. கூடுதலாகச் சொல்வதைப் பாருங்கள். பின்கோடு இன்டிஜர் என்று ஸ்கீமா சொல்கிறது. ஆனால் நிஜத்தில் யாராவது மேற்கோள் குறிக்குள் 600001 என்று ஸ்ட்ரிங்காக அனுப்பினாலும் பைடான்டிக் சும்மா வாங்கிக்கொள்ளும், அதன் இயல்பான நடத்தை தளர்வானது. பூலியன் ஃபீல்டுக்கு யெஸ், ஆன், ஒய் என்றெல்லாம் ஸ்ட்ரிங் அனுப்பினாலும் உண்மை என்று எடுத்துக்கொள்ளும். நேரத்துக்கு யூனிக்ஸ் டைம்ஸ்டாம்பை எண்ணாக அனுப்பினாலும் ஓகே. இதில் எதுவும் ஸ்கீமாவில் இல்லை. இரண்டு வருஷம் ஒரு பழைய கிளையன்ட் ஆப் ஸ்ட்ரிங்காகவே அனுப்பிக்கொண்டிருக்கும், எல்லாம் ஓடும். ஒருநாள் யாரோ பாதுகாப்புக்காக சர்வருக்கு முன்னால், உள்ளே வருவதைச் சோதிக்கும் ஒரு கேட்வேயை வைத்து, அதில் இதே ஸ்கீமாவை மாட்டிவிடுவார்கள், அன்றைக்கு அந்தக் கிளையன்ட் செத்துவிடும். கிளாஸும் மாறவில்லை, ஸ்கீமாவும் மாறவில்லை. இரண்டும் முதலிலிருந்தே வேறு வேறாக இருந்தன, அவ்வளவுதான்.

இப்போது எனக்குப் பிடித்த இடத்துக்கு வருகிறேன், பெயர் ஃபீல்டு. தமிழ்ப் பெயரை வாங்குகிற எந்த சிஸ்டத்திலும் இது கை வைக்கும்.

பெயருக்கு அதிகபட்ச நீளம் 10 என்று எழுதினால் ஸ்கீமாவில் மேக்ஸ்லெங்த் 10 என்று வரும். தமிழ்ச்செல்வி என்று ஒருவர் வருகிறார். எழுத்தை எண்ணினால் ஏழு. பைதான் எண்ணினால் 13, ஏனென்றால் மி என்பது அதற்கு ம, அப்புறம் ஒரு கொக்கி, புள்ளி வைத்த ழ் என்பது ழ, அப்புறம் ஒரு புள்ளி. ஜேசன் ஸ்கீமாவும் யூனிகோடு குறியீடுகளைத்தான் எண்ணுகிறது, ஆக இந்த ஒரு விஷயத்தில் இரண்டும் ஒத்துப்போகின்றன, நமக்குத்தான் ஒத்துப்போகவில்லை. அதே பெயர், எழுத்தைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் 39 பைட். நீளத்தை பைட்டில் எண்ணும்படி அமைந்த டேட்டாபேஸ், ஆரக்கிளின் இயல்பான அமைப்பு அப்படித்தான், 30 என்று வைத்திருந்தால் ஸ்கீமாவில் 30 என்று போட்டுப் பாஸான பெயர் டேபிளுக்குள் நுழையாது. போதாக்குறைக்கு கோமதி என்கிற பெயரில் வரும் கோ ஒரே உயிர்க்குறியோடு வந்தால் ஐந்து குறியீடு, ஏகாரக் குறி தனி, கால் தனி என்று பிரிந்து வந்தால் ஆறு. திரையில் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். எந்த சாஃப்ட்வேர் வழியாக அந்த எழுத்து வந்தது என்பதைப் பொறுத்து ஒருவருடைய பெயரின் நீளம் மாறுகிறது.

இதாவது பரவாயில்லை, எண்ணிக்கையைக் கூட்டி வைத்துவிடலாம். பேட்டர்ன் இருக்கிறதே, அதுதான் உண்மையான வில்லன். பெயரில் எழுத்துகள் மட்டும் வர வேண்டும் என்று பேக்ஸ்லாஷ் டபிள்யூ போட்டு ஒரு ரெகெக்ஸ், அதாவது ஸ்ட்ரிங்கின் வடிவத்தைச் சோதிக்கும் பேட்டர்ன், எழுதுவோம், எல்லாரும் எழுதுவதுதான். பைடான்டிக் 2 அதைத் ரஸ்ட் மொழியில் எழுதிய தன் ரெகெக்ஸ் எஞ்சினில் ஓட்டும். ரஸ்ட் எஞ்சினுக்கு அது யூனிகோடு எழுத்து, அதோடு ஒட்டிவரும் குறிகளும் சேர்த்தி. தமிழ் என்று டைப் செய்தால் பாஸ். பைதானின் சொந்த ரெகெக்ஸுக்கு மாற்றிப் பாருங்கள், பைடான்டிக்கிலேயே அதற்கு ஒரு செட்டிங் இருக்கிறது: த ஓகே, ம ஓகே, கொக்கி வந்ததும் ஃபெயில். உயிர்க்குறியும் புள்ளியும் எழுத்தில் சேர்த்தி இல்லை என்பது அதன் கட்சி. பைடான்டிக் 1 இதைத்தான் பயன்படுத்தியது. இப்போது ஸ்கீமாவுக்கு வாருங்கள். பேட்டர்ன் அப்படியே, ஒரு எழுத்து மாறாமல், ஸ்கீமாவுக்குள் காப்பியாகிறது. அதைப் படிப்பது பெரும்பாலும் பிரவுசரில் இருக்கும் ஜாவாஸ்கிரிப்ட். ஜாவாஸ்கிரிப்டுக்கு பேக்ஸ்லாஷ் டபிள்யூ என்றால் ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு. தமிழில் த என்று ஒரு எழுத்தைத் தட்டினாலே சிவப்புக் கட்டம்.

ஒரே வரி பேட்டர்ன், மூன்று எஞ்சின், மூன்றும் வேறு வேறு இடத்தில் நிற்கின்றன. சர்வரில் எழுதிய டெஸ்டுகள் எல்லாம் பச்சை. ஆங்கிலத்தில் பெயர் போட்டுப் பார்க்கும் டெஸ்டர்களுக்கும் பச்சை. தன் பெயரைத் தமிழில் எழுத நினைத்தவருக்கு மட்டும், சரியான பெயரை உள்ளிடவும் என்று ஒரு மெசேஜ். தொழில்நுட்பக் காரணம் தெரியாதவர் தமிழ் போட்டால் எடுக்காது போல என்று நினைத்துக்கொண்டு ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார், புகார்கூட வராது. எண்ணுக்கும் இதே கதைதான், தலைகீழாக. பேக்ஸ்லாஷ் டி என்றால் ரஸ்ட் எஞ்சினுக்கு ௧, ௨, ௩ கூட எண்தான், ஜாவாஸ்கிரிப்டுக்கு இல்லை. ஃபோன் நம்பரைத் தமிழ் எண்ணில் யாரும் அனுப்பப்போவதில்லை என்பதால் பிழைத்தோம்.

பெயர் என்று வந்துவிட்டதால் இன்னொன்று. முதல் பெயர், கடைசிப் பெயர், இரண்டும் கட்டாயம் என்று ஒரு கிளாஸ் இருந்தால் ஸ்கீமாவும் அதைத்தான் ஊருக்கெல்லாம் சொல்லும். இனிஷியல் வைத்துக்கொள்ளும் நம் ஆட்கள் கடைசிப் பெயர் கட்டத்தில் ஒரு புள்ளியையோ அப்பா பெயரையோ போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்கள். இது ஸ்கீமா ஜெனரேட்டரின் குற்றம் இல்லை. அளவுச் சட்டை கொடுத்தால் டெய்லர் அதே அளவில்தான் தைப்பார், அதன் ஒரு கை குட்டையாக இருந்தால் புதுச் சட்டைக்கும் கை குட்டைதான்.

அடுத்து ஆப்ஷனல். இதைப் பற்றித் தனிப் பதிவே போடலாம், சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு ஃபீல்டு அனுப்பப்படாமல் இருக்கலாம் என்பதும், அனுப்பி அதில் நல் (null, மதிப்பு எதுவும் இல்லை என்பதன் குறி) இருக்கலாம் என்பதும் இரண்டு தனித்தனி விஷயங்கள். பைதானின் ஆப்ஷனல் என்கிற டைப் இரண்டாவதை மட்டும்தான் சொல்கிறது. ஆனால் பைடான்டிக் 1 அதைப் பார்த்ததும் சரி, அனுப்பாவிட்டாலும் பரவாயில்லை என்று தானாக நல்லை டிஃபால்ட் ஆக்கிவிடும். ஸ்கீமாவிலோ கட்டாயம் இல்லை என்று மட்டும் போட்டுவிட்டு, டைப்பை வெறும் ஸ்ட்ரிங் என்று எழுதும், நல் பற்றி மூச்சே விடாது. 2023 ஜூன் 30 அன்று வந்த பைடான்டிக் 2 இதைத் திருத்தியது: டிஃபால்ட் நீங்கள் கொடுக்காவிட்டால் அந்த ஃபீல்டு கட்டாயம், ஆனால் நல் வரலாம், ஸ்கீமாவில் ஸ்ட்ரிங் அல்லது நல் என்று தெளிவாக வரும். திருத்தம் சரியானதுதான், எனக்கு அதில் எந்தச் சந்தேகமும் இல்லை. ஆனால் விளைவைப் பாருங்கள், கிளாஸில் ஒரு எழுத்துகூட மாறவில்லை, லைப்ரரி வெர்ஷனை ஏற்றியதும் வெளியே போகும் ஒப்பந்தம் மாறிவிட்டது. நேற்று வரை அனுப்பாமல் விட்ட ஃபீல்டு இன்று கட்டாயம்.

இதன் மேலே, ஏபிஐ முழுவதையும் விவரிக்கும் ஓப்பன்ஏபிஐ என்கிற தரம் வேறு. அதன் 3.0 பதிப்பில் நல் என்பது டைப் இல்லை, நல்லபிள் என்று தனியாக ஒரு கொடி. 2021 பிப்ரவரியில் வந்த 3.1-ல்தான் அது ஜேசன் ஸ்கீமாவோடு முழுதாக ஒத்துப்போனது. ஃபாஸ்ட்ஏபிஐ 2023-ல் 3.1-க்கு மாறியது. 3.0-ஐ மட்டும் தெரிந்த பழைய கிளையன்ட் ஜெனரேட்டரிடம் இந்தப் புது ஸ்கீமாவைக் கொடுத்தால் ஸ்ட்ரிங் அல்லது நல் என்பதைப் பார்த்துவிட்டு அது வினோதமான பெயரில் ஒரு கிளாஸை உருவாக்கித் தரும், உள்ளே பார்த்தால் தலை சுற்றும்.

தொகைக்கும் ஒரு வரி. அதை டெசிமல் என்று வைத்தால் பைடான்டிக் 2 இரண்டு ஸ்கீமா தரும். உள்ளே வரும்போது எண்ணாகவும் வரலாம் ஸ்ட்ரிங்காகவும் வரலாம், வெளியே போகும்போது ஸ்ட்ரிங் மட்டும். ஒரே கிளாஸ், ஆனால் வாசல் இரண்டு, வாசலுக்கு வாசல் ஸ்கீமா வேறு. ஃபாஸ்ட்ஏபிஐ இதனால்தான் ஒரே மாடலை இன்புட், அவுட்புட் என்று வால் ஒட்டி இரண்டாகக் காட்டுகிறது. மொபைல் டீமிலிருந்து, ஏன் ஒரே பொருளுக்கு இரண்டு கிளாஸ் வருகிறது என்று கேட்டால் காரணம் பெரும்பாலும் இதுதான். பைசாவில் இன்டிஜராக வைத்தால் இந்தத் தொல்லை இல்லை, நான் அதைத்தான் சொல்வேன். ஐடி எண்களில் மட்டும் ஜாக்கிரதை, பைதானின் இன்டிஜருக்கு எல்லையே கிடையாது, ஜாவாஸ்கிரிப்ட் 9007199254740991 வரைக்கும்தான் பிசகாமல் எண்ணும். ஸ்கீமா இரண்டுக்கும் சேர்த்து இன்டிஜர் என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொள்ளும். ட்விட்டர் தன் ஏபிஐயில் ஒவ்வொரு ஐடியையும் ஸ்ட்ரிங்காகவும் ஒரு தடவை சேர்த்துக் கொடுக்க ஆரம்பித்தது இதனால்தான்.

இன்னொரு கசிவு டாக்ஸ்ட்ரிங். கிளாஸுக்குக் கீழே நாம் எழுதும் குறிப்பு இருக்கிறதல்லவா, பைடான்டிக் அதை டிஸ்கிரிப்ஷன் என்று ஸ்கீமாவில் சேர்த்துவிடும். நல்ல வசதி. ஆனால் டாக்ஸ்ட்ரிங் எழுதும்போது பக்கத்து சீட்டில் இருப்பவருக்கு எழுதுவதாகத்தான் கை போகும். ஒரு நிறுவனத்தின் பொது டாக்குமென்டேஷனில், இந்த ஃபீல்டு பழைய வெண்டருக்காக வைத்திருப்பது, அவர்கள் போனதும் எடுத்துவிடலாம் என்ற பொருளில் ஒரு வரியைப் பார்த்தேன். அந்த வெண்டரும் படித்திருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

இந்த டாக்ஸ்ட்ரிங் விஷயம் இப்போது இன்னும் கனமாகிவிட்டது, ஏனென்றால் ஸ்கீமாவைப் படிப்பது இனி மனிதரோ ஜெனரேட்டரோ மட்டும் இல்லை. 2023-ல் ஓப்பன்ஏஐ, மாடல் வெளி ஃபங்ஷன்களை அழைக்க உதவும் ஃபங்ஷன் காலிங் வசதியைக் கொண்டுவந்ததிலிருந்து மொழி மாடல்களுக்கு நாம் கொடுக்கும் டூல்களின் வர்ணனை எல்லாம் ஜேசன் ஸ்கீமாதான். 2024 நவம்பரில் வந்த, மாடல்களை டூல்களோடு இணைக்கும் நெறிமுறையான எம்சிபி-யிலும் அதுவே, பைதான் ஃபங்ஷனின் டைப் ஹின்டையும் டாக்ஸ்ட்ரிங்கையும் எடுத்து டூலாக மாற்றிவிடுகிறார்கள். அங்கே டாக்ஸ்ட்ரிங் என்பது குறிப்பு இல்லை, கட்டளை மாதிரி. மாடல் அதைப் படித்துத்தான் எந்த ஃபீல்டில் எதைப் போடுவது என்று முடிவு செய்கிறது. ஃபீல்டுகளின் வரிசைகூட முக்கியம். ஓப்பன்ஏஐயின் கட்டமைத்த வெளியீட்டில் ஸ்கீமாவில் இருக்கும் வரிசையிலேயே பதில் வரும், அதனால் காரணம் என்கிற ஃபீல்டை முடிவு என்கிற ஃபீல்டுக்கு முன்னால் வைப்பதா பின்னால் வைப்பதா என்பது ஸ்டைல் கேள்வி இல்லை. பின்னால் வைத்தால் மாடல் முதலில் முடிவைச் சொல்லிவிட்டு அப்புறம் அதற்கு ஒரு காரணத்தைத் தேடும். கிளாஸில் ஃபீல்டுகளை அகர வரிசையில் அடுக்கினால் அழகாக இருக்கிறதே என்று யாராவது மாற்றினால் புரோகிராமின் நடத்தையே மாறும். அதே இடத்தில் கண்டிப்பான முறை வேண்டுமானால் எல்லா ஃபீல்டும் கட்டாயம் என்று இருக்க வேண்டும், கூடுதல் ஃபீல்டு வரக் கூடாது என்று சொல்லியிருக்க வேண்டும். ஆக டிஃபால்ட் வைத்து எழுதிய உங்கள் கிளாஸிலிருந்து வரும் ஸ்கீமாவை லைப்ரரி நடுவில் புகுந்து திருத்தித்தான் அனுப்புகிறது. கடைசியில் என்ன போனது என்பதை லாகில் எடுத்துப் பார்த்தவர்கள் எத்தனை பேர்?

பெயர் மாற்றம் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. எடிட்டரில் ஒரு ஃபீல்டின் பெயரை ரைட் கிளிக் செய்து மாற்றுகிறோம், புராஜெக்ட் முழுக்க மாறிவிடுகிறது, டெஸ்டிலும் சேர்த்து. எல்லாம் பச்சை. வெளியில் இருக்கும் கிளையன்ட் மட்டும் பழைய பெயரைத் தேடிக்கொண்டிருக்கும். பைதானின் வெப் ஃப்ரேம்வொர்க்கான ஜாங்கோவைப் பாராட்ட வேண்டும், டேபிளை மாற்றும் மைக்ரேஷன் உருவாக்கும்போது ஒரு நெடுவரிசை போய் இன்னொரு நெடுவரிசை வந்திருப்பதைப் பார்த்தால், இதைத்தான் அதாகப் பெயர் மாற்றினீர்களா என்று நின்று கேட்கும். கேட்டுவிட்டு அந்தப் பதிலை ஒரு ஃபைலில் எழுதி வைக்கும், அந்த ஃபைலை நாம் ரிவ்யூ செய்வோம். ஜாவாவின் ஹைபர்நேட்டில், டேபிளைத் தானாக மாற்றும் செட்டிங்கை அப்டேட் என்று வைத்துவிட்டால் கேட்காது, புது நெடுவரிசையைச் சேர்த்துவிட்டு, டேட்டாவோடு இருக்கும் பழைய நெடுவரிசையை அப்படியே விட்டுவிடும். டேட்டா பரிமாற்ற முறையான புரோட்டோபஃப் இதைத் தொடக்கத்திலேயே யோசித்து ஃபீல்டுக்குப் பெயரை நம்பாமல் எண்ணை நம்புகிறது, ஆனால் அங்கே ஸ்கீமாதான் முதலில், கோடு அதிலிருந்து வருகிறது. காஃப்கா என்கிற மெசேஜ் சிஸ்டத்தில் ஆவ்ரோ ஃபார்மட் போடுகிறவர்கள் கவனிக்க, கன்ஃப்ளுயன்ட்டின் சீரியலைசர் இயல்பாகப் புது ஸ்கீமாவைத் தானே ஸ்கீமா ரெஜிஸ்ட்ரியில் பதிந்துவிடும். புரொடக்ஷனில் அதை அணைத்து வையுங்கள்.

நான் செய்வது இதுதான், பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. ஸ்கீமாவை ஒரு சின்ன ஸ்கிரிப்டால் உருவாக்கி, டாப் லெவலிலிருந்து கீழே வரைக்கும் கீகளை வரிசைப்படுத்தி, கோடு இருக்கும் ரெப்போவிலேயே ஒரு ஃபைலாக கமிட் செய்து வைப்பது. வரிசை முக்கியமான மாடல் ஸ்கீமாக்களுக்கு மட்டும் வரிசைப்படுத்தாமல் விடுவது. சிஐ-யில், அதாவது ஒவ்வொரு மாற்றத்துக்கும் தானாக ஓடும் சோதனையில், அதே ஸ்கிரிப்டை மறுபடி ஓட்டி, வந்ததும் ரெப்போவில் இருப்பதும் ஒன்றா என்று பார்ப்பது, இல்லையென்றால் பில்டு ஃபெயில். அவ்வளவுதான். யாராவது ஒரு டைப்பை மாற்றினால், வெர்ஷனை ஏற்றினால், ஃபீல்டுக்குப் பெயர் மாற்றினால், ரிவ்யூவுக்கு வரும் புல் ரிக்வெஸ்டில் ஸ்கீமா ஃபைலின் டிஃப், அதாவது மாறிய வரிகள், வந்து நிற்கும். கட்டாய ஃபீல்டுகளைச் சொல்லும் ரெக்வயர்டு என்கிற பட்டியலில் ஒரு பெயர் பச்சை நிறத்தில் கூடியிருந்தால், யார் யாருக்கெல்லாம் சொன்னீர்கள் என்று ரிவ்யூ செய்கிறவர் கேட்பார். ஜெனரேட் ஆன ஃபைலை கமிட் செய்யக் கூடாது என்று ஒரு பழைய கொள்கை உண்டு, கம்பைல் ஆன பைனரிக்கு அது சரி. இது ஒப்பந்தம், வேறு வகை.

வெளியே போகும் கிளாஸையும் டேட்டாபேஸ் கிளாஸையும் ஒன்றாக வைக்க வேண்டாம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு தடவை எழுதுவது எரிச்சல்தான், தெரியும். ஆனால் டேபிளில் ஒரு உள் குறிப்பு நெடுவரிசை சேர்த்த அன்றே அது ஊருக்கெல்லாம் தெரிவது அதைவிட எரிச்சல். பேட்டர்ன்களைப் பொறுத்தவரை பேக்ஸ்லாஷ் குறுக்குவழிகளை விட்டுவிட்டு, எந்தெந்த யூனிகோடு வீச்சு வேண்டுமோ அதை நேரடியாக எழுதுங்கள், மூன்று எஞ்சினிலும் ஒரே மாதிரி நிற்கும். பெயருக்குப் பேட்டர்னே வேண்டாம் என்று சொன்னால் எனக்கு இன்னும் சந்தோஷம். அப்புறம், இரண்டு மூன்று கம்பெனிகள், ஆளுக்கொரு மொழி என்று இருக்கும் இடத்தில் கிளாஸிலிருந்து ஆரம்பிக்காதீர்கள், அங்கே ஸ்கீமாவை உட்கார்ந்து எழுதி எல்லாரும் ஒத்துக்கொண்ட பிறகு கோடை அதிலிருந்து எடுப்பதுதான் சரி.

பைடான்டிக் 1-லேயே இன்னும் இருக்கிறவர்கள் மாறுவதற்கு முன்னால் இப்போதிருக்கும் ஸ்கீமாவை ஒரு ஃபைலில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மாறிய பிறகு எடுத்து ஒப்பிட்டால் முதலில் பயமாகத்தான் இருக்கும், டெஃபினிஷன்ஸ் என்று இருந்ததெல்லாம் டாலர் டெஃப்ஸ் என்று மாறியிருக்கும், ஃபைல் முழுக்க சிவப்பும் பச்சையும். அந்தப் பெயர் மாற்றத்தை மட்டும் முதலில் ஃபைண்ட் ரிப்ளேஸ் செய்து ஒதுக்கிவிடுங்கள். மீதி நிற்கிற வரிகள் கொஞ்சம்தான் இருக்கும், அவற்றை ஒவ்வொன்றாகப் படியுங்கள், ரெக்வயர்டு பட்டியல்களை முதலில்.